மீட்பு என்னும் சொல்லும் ஒரு சிறு தீவும்

கங்கைகொண்டசோழபுரத்துக்கு அருகில் வாழும் நம்மைப் போன்றோர்க்கு முதலாம் இராஜேந்திரன் பாடநூலின் மன்னன் மட்டும் அல்லன். ஒருவகையில் ஊர்க்காரனும் ஆவான். தா.பழூர்ப் பகுதியில் பிறந்தோர் அவன் வெட்டிய பேரேரியின் கதையையும், எழுப்பிய விமானத்தின் பெருமையையும் இளமையிலேயே கேட்டு வளர்கின்றனர். 2025 ஜூலை 27 அன்று, ஆடித் திருவாதிரை விழாவின் நிறைவில், நாட்டின் பிரதமரே அங்கு வந்து அம்மன்னனின் நினைவாக நாணயம் வெளியிட்டபோது நம் பகுதி மக்கள் மகிழ்ந்தது இயல்பே. அவனது கடற்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு என்று அவ்விழா கொண்டாடப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 2 அன்று தமிழகச் சட்டமன்றம் கச்சத்தீவை மீட்குமாறு நடுவண் அரசை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஒன்று விழா, மற்றொன்று அரசியல் கோரிக்கை. ஆயினும் அன்று தீவுகளைக் கொண்டவனின் புகழும், இன்று ஒரு தீவைக் கொள்ள வேண்டும் என்னும் குரலும் ஒரே மொழியில் எழுந்து, ஒரே செவிகளில் விழுகின்றன. அச்செவிகளைப் பழக்கியவை எந்த எழுத்துகள், அவை நமக்கு எதைக் கற்பித்தன, எதைச் சொல்லாமல் விட்டன என்று நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

முதலில் மெய்க்கீர்த்தி. இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியைப் பள்ளியில் ஓரிரு வரிகளாகக் கேட்டவர்கள் முழுவதும் ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். கடாரப் படையெடுப்பைச் சொல்லும் பகுதி தமிழ்க் கல்வெட்டு நடையின் சிகரங்களுள் ஒன்று. சீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாநக்கவாரம் என ஊர்களும் தீவுகளும் அடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைமொழி உண்டு: ஒன்றுக்கு மணிக் கதவு, ஒன்றுக்கு நீர்த்துறை, ஒன்றுக்கு அகழியாகச் சூழ்ந்த ஆழ்கடல். நக்கவாரத்துக்கு, அதாவது இன்றைய நிக்கோபாருக்கு, தேன் மிகுந்த பொழில்கள். வெற்றி கொண்ட ஊர்களை இத்தனை அழகாகப் பாராட்டிய வேறொரு போர்ப் பட்டியலை நாம் அறியோம். ஆனால் அப்பொழில்களில் தேன் எடுத்தவர் யார் என்பதற்கு அதில் இடமில்லை. தலைத்தக்கோலம் மட்டும் கலை வல்லோர் புகழ்ந்த ஊர் எனப்படுகிறது. அங்குதான் மனிதர் சிலர் எட்டிப் பார்க்கின்றனர். மற்ற இடங்களிலெல்லாம் மதிலும் அகழியும் மலையும் கடலுமே. இதனைக் கவிஞனின் குறையாக நாம் சொல்லவில்லை. மெய்க்கீர்த்தியின் இலக்கணம் அது. எனினும் ஆயிரம் ஆண்டாகத் தீவு என்றால் நிலம் என்றே நினைக்கப் பழகிய செவிக்கு இதுவே முதற்பாடம்.

அதே மெய்க்கீர்த்தியில் ஈழப் போரைச் சொல்லும் பகுதி இன்னும் கூர்ந்து படிக்கத் தக்கது. ஈழத்தரசரின் முடியும், அவர்தம் தேவியரின் முடியும், பாண்டியன் முன்னர் அவர்களிடம் வைத்திருந்த முடியும், இந்திரன் ஆரமும் கொள்ளப்பட்டன என்று அது கூறுகிறது. பாண்டியன் வைத்திருந்த முடி ஈழத்துக்குப் போன கதையை வரலாற்று ஆசிரியர்கள் தெளிவாக்கியுள்ளனர். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தக சோழனிடம் தோற்ற மூன்றாம் இராஜசிம்ம பாண்டியன் ஈழத்துக்கு ஓடினான். அங்கிருந்து தாய்வழி நாடாகிய சேரநாட்டுக்குச் சென்றபோது முடியையும் அணிகளையும் ஈழத்திலேயே அடைக்கலமாக விட்டுச் சென்றான். பராந்தகன் அதனைப் பெற முயன்று தோற்றான். ஏறத்தாழ நூறாண்டு கழித்து இராஜேந்திரன் பெற்றான். ஆக, அந்த முடி சோழருடையதாக ஒருநாளும் இருந்ததில்லை. சோழருக்கு அஞ்சித்தான் அது கடல் கடந்தது. சோழரே அதனைக் கொண்டுவந்தனர். மேடைப் பேச்சுகளில் இது ‘முடி மீட்பு’ ஆகிவிட்டது. கல்லில் வெட்டியவனோ, அது பாண்டியன் வைத்தது, நாம் கொண்டோம் என்ற அளவில் நின்றான். அவ்வளவில் மேடையைக் காட்டிலும் கல் நேர்மையானது.

அந்நிகழ்ச்சியின் மறுபக்கம் பாலி மொழியில், மகாவம்சத்தின் தொடர்ச்சியாகிய சூளவம்சத்தில் இருக்கிறது. அங்கு அது கொள்ளை. விகாரங்கள் உடைக்கப்பட்டன, பொருள்கள் எடுத்துச் செல்லப்பட்டன, மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அங்கேயே இறந்தான் என்று அந்நூல் சொல்கிறது. அதுவும் ஒருபக்கச் சார்பான நூலே. துறவியர் எழுதியது, பிற்காலத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்க்கு மட்டுமே வரலாறு கிட்டும். தமிழகத்தில் மெய்க்கீர்த்தியை அறிந்தோர் சூளவம்சத்தை அறியார். தென்னிலங்கையில் சூளவம்சத்தை அறிந்தோர் மெய்க்கீர்த்தியை அறியார். பின்வந்த நூற்றாண்டுகளின் துயரத்தில் இவ்வறியாமைக்கும் பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

இவ்விடத்தில் நம் புதின ஆசிரியர்கள் மெய்க்கீர்த்திக்கு எதிர்பாராத ஒரு திருத்தம் செய்தனர் எனலாம். 1963ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ இராஜேந்திரனின் கதை. பாண்டிய முடிக்கான ஈழப்போரே அதன் தொடக்கம். வெற்றியைக் கொண்டாடும் நூல்தான் அது. ஆயினும் அகிலன் பகைநாட்டு இளவரசி ரோகிணியைப் படைத்து, தோற்ற நாட்டின் நெஞ்சுக்கு ஒரு குரல் கொடுத்தார். கல்லில் இல்லாத மனிதர் காகிதத்தில் வந்தனர். அவருக்கு முன்பே கல்கி ஒரு படி மேலே சென்றிருந்தார். 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னில் பிக்குகள் ஈழத்துச் சிங்காதனத்தை அருள்மொழிவர்மனுக்கு அளிக்க முன்வருகின்றனர், அவன் மறுக்கிறான். மெய்யான இராஜராஜனோ மறுக்கவில்லை. ஈழத்தின் வடபகுதியை வென்று, அங்குள்ள ஊர்கள் சிலவற்றின் வருவாயைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு எழுதி வைத்தான். கோயிற் கல்வெட்டே சான்று. விடுதலைப் போரில் சிறை சென்ற கல்கிக்கு, அண்டை நாட்டை விழுங்குபவனைத் தலைவனாக்க மனம் ஒப்பவில்லை போலும். அந்த மறுப்புக் காட்சியைப் புதினத்தின் உயிர்நிலைகளுள் ஒன்றாக நாம் மதிக்கிறோம். சோழர் பெருமை பேசுவோர் அக்காட்சியை மேற்கோள் காட்டக் கேட்டதில்லை.

இனி ‘மீட்பு’ என்னும் சொல்லுக்கு வருவோம். தமிழில் இதற்கு மூன்று வீடுகள் உண்டு. பழைய புறப்பொருள் மரபில் ஆநிரை கவர்தல் வெட்சி. கவரப்பட்டதை மீட்டல் கரந்தை. தன் ஊர் மாட்டை மீட்கப் போய் மாண்டவனுக்கு நடுகல் நட்டார்கள். இரண்டாவது வீடு நம் அன்றாட வாழ்வு. நடவுக் காலத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்த நகையை அறுவடைக்குப் பின் மீட்கிறோம். அசலும் வட்டியும் கட்டினாலன்றி அது கைக்கு வாராது. மூன்றாவது நம் திருச்சபையின் வீடு. நாள்தோறும் செபத்தில் சொல்லும் மீட்பர், தம்மையே ஈடாகத் தந்தவர். மூன்றிலும் பொதுவானது ஒன்றுண்டு: மீட்பவன் விலை கொடுக்கிறான். கரந்தை வீரன் உயிரைக் கொடுத்தான், உழவன் பணத்தைக் கொடுக்கிறான், ஆண்டவர் தம் குருதியைக் கொடுத்தார். பிறன் விலை கொடுக்கத் தான் பெறுவதைத் தமிழ் மீட்பு என்று சொல்வதில்லை. அதற்கு வெட்சி என்று பெயர்.

கச்சத்தீவு வழக்கில் இச்சொல் எவ்விடத்தில் நிற்கிறது? 285 ஏக்கர் என்று சொல்லப்படும் அத்தீவு இராமேசுவரத்துக்கு வடகிழக்கிலும் நெடுந்தீவுக்குத் தென்மேற்கிலும் பாக் நீரிணையில் கிடக்கிறது. குடிநீர் இல்லை, குடியிருப்போரும் இல்லை. உள்ளது புனித அந்தோணியார் திருத்தலம். சேதுபதிகளின் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது, அவர்கள் குத்தகைக்கு விட்டார்கள் என்பதற்கு ஆவணங்கள் உண்டு. போர்த்துகீசியர் காலம் முதல் யாழ்ப்பாண ஆட்சியைச் சேர்ந்தது என்பது இலங்கையின் வாதம். 1921இல் கொழும்பில் நடந்த எல்லைப் பேச்சில், மீன்பிடிக் கோடு தீவுக்கு மேற்கே வரையப்பட்டது. இந்தியத் தரப்பு தீவின்மீதான உரிமையை விட்டுவிடவில்லை. 1974 ஜூன் மாதத்தில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையொப்பமிட்ட உடன்பாட்டில் தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலவே அங்கு வந்து செல்லலாம், அதற்குப் பயண ஆவணமோ நுழைவுச் சீட்டோ கேட்கப்படாது என்று அவ்வுடன்பாட்டின் ஐந்தாம் பிரிவு உறுதி கூறியது. 1976 மார்ச் மாதத்துக் கடிதப் பரிமாற்றத்தில், ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன் பிடித்தல் ஆகாது என்று முடிவாயிற்று. அப்போது நெருக்கடி நிலை. தமிழக அமைச்சரவை அவ்வாண்டு ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டிருந்தது. கேட்பதற்குச் சட்டமன்றமும் இல்லை. 1974இல் சட்டமன்றம் எழுப்பிய எதிர்ப்பும், 1991இல் இயற்றிய தீர்மானமும், 2008இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற மனுவும் எல்லாம் இந்தக் கேளாமையின் காயத்திலிருந்து பிறந்தவை. அக்காயம் உண்மையானது. கடற்கரை மக்களைக் கேளாமல் தில்லியும் கொழும்பும் கோடு கிழித்தன. இதனை மறுப்பவரோடு நமக்குப் பேச்சில்லை.

ஆனால் காயத்தின் மொழி வேறு, உரிமையின் மொழி வேறு. ‘தாரைவார்த்தனர்’ என்று ஒரு சொல் நாள்தோறும் அச்சாகிறது. தாரைவார்த்தல் என்பது தன்னுடையது என்பதில் ஐயமில்லாத பொருளை நீர்வார்த்துக் கொடுப்பது; மகளைக் கொடுப்பதற்கும் அச்சொல்லே. இங்கோ உரிமையே வழக்கில் இருந்தது. இந்தியாவின் நிலம் எதுவும் கொடுக்கப்படவில்லை, எல்லைதான் வரையறுக்கப்பட்டது என்பது நீதிமன்றத்தில் நடுவண் அரசின் நிலை. நிலம் கொடுப்பதாயின் அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்ற 1960ஆம் ஆண்டின் பெருபாரித் தீர்ப்பை எதிர்த்தரப்பு காட்டுகிறது. சட்டம் அறிந்தோர் வாதிடட்டும். நாம் கவனிப்பது வேறு: அதே 1976 உடன்பாட்டில் குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் கரை என்னும் வளமான மீன்பரப்பு இந்தியாவுக்கு உறுதியாயிற்று. குமரிக் கடற்கரையில் நம் சபையைச் சார்ந்த மீனவர் எத்தனையோ பேர் அதில் தொழில் செய்கின்றனர். அதற்கு எந்த மேடையிலும் ஒரு சொல் இல்லை. கொழும்பில் ஒருவர் ‘வாட்ஜ் கரையை மீட்போம்’ என்று முழங்கினால் நம் செவிக்கு அது எப்படி இருக்கும்?

விலை கொடுப்பவர் யார் என்னும் கேள்விக்கு இப்போது விடை தேடலாம். 1974ஆம் ஆண்டின் எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் செல்கிறது. தீவு இந்தியாவுக்கு வந்தால் கோடு சற்றுக் கிழக்கே நகரும். நம் விசைப்படகுகள் தேடிச் செல்லும் மீனும் இறாலும் அச்சிறு பரப்பில் மட்டும் இல்லை. நெடுந்தீவுக் கரையோரமும் அதற்கு அப்பாலும் இருக்கின்றன. கடலடியை வாரிவரும் இழுவைமடி நம் பக்கத்துக் கடலை ஏற்கெனவே வறுமைப்படுத்திவிட்டது. அப்பால் இருப்போர் யாழ்ப்பாணத்து, மன்னாரத்துத் தமிழ் மீனவர்கள்; அவர்களுள் பெரும்பகுதியினர் கத்தோலிக்கர். போர் ஆண்டுகளில் கடலுக்குச் செல்லவே தடை செய்யப்பட்டு, 2009க்குப் பின் சிறு படகும் நூல் வலையுமாகத் திரும்பியவர்கள். இரவில் இழுவைமடி கடந்து சென்றால் காலையில் அவர்களுக்கு வலையும் இல்லை, மீனும் இல்லை. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்ததற்கு அவர்களின் முறையீடும் ஒரு காரணம். ஈழத் தமிழருக்காகக் கண்ணீர் வடிக்கும் அதே மேடையில் கச்சத்தீவு மீட்பும் பேசப்படுகிறது. இரண்டும் ஒரே தமிழரைப் பற்றியவை என்பது பேசுவோருக்கு நினைவில்லை.

இதனால் இராமேசுவரத்து மீனவர் குற்றவாளி ஆகிவிடார். கடனில் வாங்கிய படகு, டீசல் விலை, ஏற்றுமதிக் கம்பெனிக்குத் தர வேண்டிய இறால், வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் இவையே அவரைக் கோட்டைத் தாண்டச் செய்கின்றன. சிறை, அபராதம், படகு பறிமுதல் எல்லாம் அவர் தலையில். 2017 மார்ச்சில் கச்சத்தீவுக்கு அருகே இராமேசுவரத் தீவின் இளைஞர் ஒருவர் குண்டடிபட்டு இறந்தார். இலங்கைக் கடற்படை தான் சுடவில்லை என்றது. அத்தகைய சாவுகளைத் தடுக்கும் வழி தேடாத எந்த வாதமும் நமக்கு வேண்டா. தீவு நம்முடையதாகிவிட்டால் அச்சாவுகள் நின்றுவிடும் என்று சொல்வோர், 2014இல் இந்திய அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் சொன்னதை மறந்துவிடுகின்றனர். தீவைத் திரும்பப் பெற வேண்டுமாயின் போர்தான் தொடுக்க வேண்டும் என்ற கருத்தில் அவர் பேசினார். எவர் எவரோடு போரிடுவது? அந்தக் கடலில் முதலில் விழும் உடல் எவருடையதாக இருக்கும்?

பெரிய நாடுகள் சிறு தீவுகளைக் கொண்ட கதைகள் உலகில் நிரம்ப உண்டு. 1898இல் ஸ்பெயின் போர்ட்டோ ரிக்கோவை அமெரிக்காவுக்குக் கொடுத்தபோது தீவு மக்களை எவரும் கேட்கவில்லை. அத்தீவின் நிலை இன்றும் விவாதத்துக்குரியதாகவே உள்ளது. நம் நெஞ்சுக்கு நெருக்கமானது கிழக்குத் திமோர். கத்தோலிக்கர் நிறைந்த அச்சிறு நிலத்தை 1975இல் இந்தோனேசியப் படை புகுந்து, 1976இல் தன் இருபத்தேழாம் மாநிலமாக அறிவித்தது. 1999 ஆகஸ்ட் 30 அன்று முதன்முறையாக மக்களைக் கேட்டபோது நூற்றுக்கு 78 பேருக்கு மேல் விடுதலையையே வேண்டினர். கச்சத்தீவில் கேட்பதற்குக் குடிகள் இல்லையே என்று சிலர் சொல்லக்கூடும். குடிகள் இல்லாத தீவுக்கும் உரியவர் உண்டு. வலை உலர்த்தியவர், புயலுக்கு ஒதுங்கியவர், மெழுகுதிரி ஏற்றியவர் என இரு கரையிலும் அவர்கள் இருக்கின்றனர். 1974இல் கேட்கப்படாதவர்களும் இவர்களே. மீட்புத் தீர்மானங்களில் பாதிப்பேர் மட்டும் நினைக்கப்படுபவர்களும் இவர்களே.

கேட்டுச் செய்த ஒரு வழியும் நம் நாட்டிலேயே உண்டு. 2015இல் இந்தியாவும் வங்காளதேசமும் எல்லையில் சிதறிக் கிடந்த நிலத்துண்டுகளை மாற்றிக் கொண்டன. இந்தியா 111 துண்டுகளைக் கொடுத்து 51ஐப் பெற்றது. அரசமைப்பின் நூறாவது திருத்தமாக, நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக அது நிறைவேறியது. எந்நாட்டுக் குடியாக இருப்பது என்று அங்கு வாழ்ந்தோரே தேர்ந்தனர். பெரிய நாடு கூடுதலாகக் கொடுத்தது, அதனால் சிறுமைப்படவில்லை. அதற்கும் முன்பே, 1992இல், தீன்பிகா என்னும் வழித்துண்டை வங்காளதேசத்துக்கு இந்தியா நிலைக்குத்தகையாக விட்டது. அதே முறையில் கச்சத்தீவை இந்தியா இலங்கையிடமிருந்து நிலைக்குத்தகையாகப் பெறலாம் என்று பேராசிரியர் வி. சூரியநாராயண் போன்றோர் எழுதியுள்ளனர். குத்தகை என்னும் சொல் தா.பழூர் உழவருக்கு விளக்க வேண்டிய சொல் அன்று. நிலம் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, விளைவில் இருவருக்கும் பங்கு. மீட்பைக் காட்டிலும் அச்சொல் அந்தத் தீவுக்குப் பொருத்தமாக நமக்குத் தோன்றுகிறது. முழக்கத்துக்குத்தான் அது உதவாது. இழுவைமடியை விட்டு ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற 2017இல் தொடங்கிய திட்டமும் முழக்கத்துக்கு உதவாததே. அதனால்தானோ என்னவோ அதன் மந்த நடையைப் பற்றிச் சினந்து பேசுவார் குறைவு.

எஞ்சியிருப்பது அந்தோணியார் கோயில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகக் கடற்கரை மீனவர் ஒருவர் அதனை எழுப்பினார் என்பது வழிவழிச் செய்தி. அருள்பணி யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பு. ஆண்டுதோறும் தவக்காலத்தை ஒட்டி நடக்கும் திருவிழாவில் இருநாட்டுக் குருக்களும் சேர்ந்து திருப்பலி நிறைவேற்றுவர். போரால் நின்றுபோன விழா மீண்டும் உயிர்பெற்றது. பழைய சிற்றாலயத்தின் அருகே இலங்கைக் கடற்படை கட்டிய புதிய ஆலயம் 2016 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. படகைப் பிடிக்கும் அதே கடற்படையின் கைவேலை அது என்பது வியப்புத்தான். இராமேசுவரத்துப் படகுக்காரரும் நெடுந்தீவுப் படகுக்காரரும் ஆண்டில் ஓரிரவேனும் ஒரே மணலில் உறங்கும் இடம் அது. அறுந்த வலைகளைப் பற்றி நேருக்கு நேர் பேசக்கூடிய இடமும் அதுவே. 2024 பிப்ரவரியில் தம் தோழர்கள் இலங்கையில் சிறை வைக்கப்பட்டதைக் கண்டித்து இராமேசுவரத்து மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தனர். அவர்களின் சினத்துக்குக் காரணம் இருந்தது. அவ்வாண்டு இக்கரையிலிருந்து படகு போகவில்லை. அக்கரை மக்கள் மட்டும் வந்து, சிலுவைப்பாதை செய்து, திருப்பலி கண்டு திரும்பினர்.